ஏழு நாள் போன் வரக்கூடாது

பேருந்து நிலையத்து ஊழியர்கள் அவளை ரீஸ்டார்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். மூன்று வருடமாக அவள் பார்க்கும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அவளுக்கே தோன்றியதில்லை.

நிலையத்தின் நடுக்கூடத்தில், இரண்டாவது தூணையொட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு தொடுதிரை இயந்திரம் நிற்கிறது. போக வேண்டிய இடத்தை விரலால் தொட்டால் எந்த நடைமேடை, எத்தனை மணிக்கு வண்டி என்று காட்டும். கூடவே ஒரு துண்டுச் சீட்டையும் அச்சடித்துத் துப்பும். அது வந்த வாரமே விசாரணை ஜன்னலை இழுத்து மூடி, உள்ளே இருந்த இருவரையும் வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் இயந்திரம் படுத்துவிட்டால் கேட்க நாதியில்லை. அதன் நெற்றியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருப்பது ஒரே ஒரு தொலைபேசி எண். அது ரீஸ்டார்ட்டின் கைபேசி எண்.

இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது, நல்ல இரும்பு. கோளாறெல்லாம் உள்ளே ஓடும் மென்பொருளில். அதை எழுதிய நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருடமாகிறது. உதவி எண்ணுக்கு அடித்தால் குழலிசை வரும். இருபது நிமிடம் காத்திருந்தால் அதே இசை முதலிலிருந்து வரும். உள்ளே கைவைத்துத் திருத்த வழியில்லை. வெளியே நின்றுகொண்டு தட்டியும் அதட்டியும் ஏமாற்றியும்தான் அதனிடம் வேலை வாங்க வேண்டும்.

அவளும் சளைத்தவள் இல்லை. நான்கு மணி நேரம் ஓடினால் மென்பொருளுக்கு மூச்சு முட்டும் என்று கண்டுபிடித்து, மூன்றரை மணி நேரத்துக்கொருமுறை, வண்டிகள் குறைவான நேரமாகப் பார்த்து, அது தானாக அணைந்து எழும்படி வைத்தாள். ‘புதுப்பிக்கவா?’ என்று திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வரும். அது வந்த வேகத்தில் ‘பிறகு’ என்ற பொத்தானை அமுக்குவதற்கென்றே ஒரு சின்ன நிரல் எழுதினாள். அவள் கணவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்க்கிறவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “கிளட்ச் போன வண்டியைத் தள்ளித் தள்ளியே ஊரைச் சுத்துறே. நான் பாக்குற வேலையே தேவலாம்போல. எனக்காவது பிரேக் இருக்கு.”

இத்தனைக்கும் பிறகு வாரத்துக்கு மூன்று நான்கு முறை போன் வரத்தான் செய்தது. பாதிக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து. இயந்திரத்துக்கு எதிரே பத்திரிகைக் கடை வைத்திருக்கும் பெரிய மீசைக்காரர். நிலையத்தில் அவருக்குப் புகார்ப்பெட்டி என்று பெயர். பயணிகள் திரையைக் குத்திப் பார்த்துவிட்டு நேரே அவரிடம்தான் திரும்புவார்கள். அவர் நேரே போனை எடுப்பார்.

“தங்கச்சி, உன் புள்ள மறுபடியும் முழிச்சுக்கிட்டே தூங்குது.”

“எவ்வளவு நேரமாண்ணே?”

“என் கடையில ஒருத்தர் புத்தகத்தைப் புரட்டிப் பாதி படிச்சு முடிச்சுட்டாரு. அவ்வளவு நேரமா.”

அவள் சாப்பாட்டுத் தட்டை மூடிவைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுப்பாள். மூன்று வருடத்தில் ஊரைவிட்டு ஒரு நாள்கூட முழுசாக வெளியே போனதில்லை.

அதுவரை அது ஒரு பொருட்டாகவும் இல்லை. அக்கா போன் செய்தபோதுதான் பொருட்டானது.

அக்கா பத்து மணி நேரப் பயணத் தொலைவில், கடலோர நகரத்தில், தனியாக இருக்கிறாள். தையல் வகுப்பு நடத்துகிறாள். வாய் அவளுக்கு ஊசியைவிடக் கூர்மை. வலது கண்ணில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்துவிட்டார்கள். முடிந்த பிறகு பன்னிரண்டு நாளைக்குக் குனியக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது, நான்கு மணி நேரத்துக்கொருமுறை கண்ணில் மருந்து விட வேண்டும்.

“உன்னைக் கூப்பிடலடி. தகவல் சொல்றேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டம்மா பாத்துக்கிறேன்னிருக்கா.”

“எந்தப் பக்கத்து வீட்டம்மா? உன் துணியெல்லாம் அவ வாசல்ல காயுதுன்னு சண்டை போட்டவளா?”

“அவதான்.”

“அவ கையில உன் கண்ணைக் குடுக்கப் போறியா?”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அக்காவிடம் சத்தமில்லை என்றால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். அது தங்கை ஒருத்திக்குத்தான் தெரியும். “நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். வைத்த பிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

நிலையக் கண்காணிப்பாளர் நியாயமானவர். எழுத்தில் உள்ளதை எழுத்துப்படி பார்க்கிற நியாயம். விடுப்பு விண்ணப்பத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் படித்தார்.

“பன்னிரண்டு நாளாம்மா? நீ அரை நாள் இல்லன்னாலே இங்க எல்லாரும் என் ரூமுக்கு வந்து எட்டாம் நடைமேடை எங்கன்னு கேக்குறாங்க.”

“அக்காவுக்கு என்னை விட்டா ஆளில்ல சார்.”

“சரி, ஒண்ணு பண்ணு. அந்த மிஷின் ஏழு நாள் தொடர்ந்து ஓடட்டும். ஒரு புகார் போன்கூட வரக்கூடாது. வரலன்னா எட்டாம் நாள் நான் கையெழுத்துப் போடுறேன். வந்துச்சுன்னா மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணு.”

அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரமும் சொச்சமும் இருந்தது. ஆக அவளுக்கு மூன்று வாய்ப்பு.

முதல் வாரம் மூன்றாம் நாளே கவிழ்ந்தது. சீட்டு அச்சடிக்கும் தாள் தீர்ந்துபோக, ‘சரி’ என்று யாராவது அமுக்கும்வரை நகர மாட்டேன் என்று மென்பொருள் நின்றுவிட்டது. அந்தச் ‘சரி’ பொத்தானோ திரைக்குப் பின்னால் இன்னொரு பெட்டியில் ஒளிந்திருந்தது. கடவுளே வந்தாலும் அதைத் தொட முடியாது. புகார்ப்பெட்டியிடமிருந்து போன் வந்தது. தாள் கால்பங்கு இருக்கும்போதே தனக்குக் குறுஞ்செய்தி வரும்படி அவள் மாற்றி வைத்தாள்.

இரண்டாவது வாரம் ஐந்தாம் நாள். ‘பிறகு’ அமுக்கும் நிரலுக்கு அரை வினாடி முன்னதாக ஒரு சுறுசுறுப்பான பயணி ‘ஆம்’ என்று அமுக்கிவிட்டார். ஐம்பது நிமிடம் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஐம்பது நிமிடத்தில் பதினோரு போன்.

“எத்தனை நாள்மா ஆச்சு?” என்றார் கண்காணிப்பாளர்.

“நாலே முக்கால் சார்.”

“ஒண்ணுலேருந்து.”

அன்று பத்திரிகைக் கடை முன்னால் உட்கார்ந்து, வாங்கிய தேநீரை ஆறவிட்டு, புகார்ப்பெட்டியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா, கண், பக்கத்து வீட்டம்மா, ஏழு நாள். அவர் மீசையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கேட்டார். “தேநீர் ஆறிப்போச்சு, குடி” என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது வாரத்துக்கு அவள் தன் வாழ்நாள் சாதனை என்று நம்பிய ஒன்றைச் செய்தாள். மென்பொருள் உறைந்துவிட்டதா என்று கணினியிடம் கேட்டால் ‘நன்றாக ஓடுகிறது’ என்று கூசாமல் பொய் சொல்லும். அதனால் கேட்பதை விட்டுவிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். திரையின் மூலையில் ஒரு கடிகாரம் உண்டு, வினாடி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காவல் நிரல் நிமிடத்துக்கு இரண்டுமுறை அந்த மூலையைப் படம் பிடிக்கும். இரண்டு படமும் அச்சாக ஒன்றுபோல இருந்தால் கடிகாரம் நின்றுவிட்டது, மென்பொருள் உறைந்துவிட்டது என்று பொருள். உடனே அணைத்து எழுப்பு. தொண்ணூறு வினாடியில் திரை திரும்பி வந்துவிடும்.

கணவனிடம் இதை விளக்கியபோது அவன்கூட ஒரு கணம் கிண்டலை மறந்தான்.

சனிக்கிழமை தொடங்கினாள். ஞாயிறு போன் வரவில்லை. திங்கள் வரவில்லை. செவ்வாயன்று கைபேசி வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்து, கணவனை அடுத்த அறையிலிருந்து கூப்பிடச் சொல்லிப் பார்த்தாள். புதன் கழிந்தது, வியாழன் கழிந்தது. வெள்ளிக்கிழமை மாலை அக்காவிடம், “நாளைக்கு ரெண்டேகால் வண்டி” என்றாள். “வரும்போது வெறுங்கையோட வா. போன தடவை கொண்டுவந்த பூச்சாடியை எங்க வைக்கிறதுன்னு இன்னும் தெரியல” என்றாள் அக்கா. குரல் லேசாகிவிட்டிருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பையைக் கட்டிவைத்துவிட்டு நிலையத்துக்கு வந்தாள். கையெழுத்து வாங்குவதற்கு முன் இயந்திரத்தின் பின்கதவைத் திறந்து, அது ஒவ்வொரு முறை எழும்போதும் எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் பெருமையாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தாள்.

தானாக வைத்த நேரத்தில் எழுந்தவை சரியாக இருந்தன. காவல் நிரல் எழுப்பியவை நான்கு. அதுவும் சரி. ஆனால் இரண்டிலும் சேராமல் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே குறிப்பு: மின்சாரம் போய் வந்தது.

அந்த வாரம் நிலையத்தில் மின்சாரம் போகவே இல்லை.

மின்கம்பி போகிற வழியைக் கண்ணால் தொடர்ந்தாள். தூணைச் சுற்றி, தரையோடு ஓடி, பத்திரிகைக் கடையின் பலகைச் சுவரில் ஏறி, கடை விளக்குக்கான செருகியின் பக்கத்திலேயே போய் முடிந்தது. இயந்திரத்தின் செருகியில் வெள்ளைத் தாள் சுற்றி ‘தங்கச்சி’ என்று எழுதியிருந்தது.

“அண்ணே.”

புகார்ப்பெட்டி ஒரு வார இதழுக்குள் முகத்தைப் புதைத்தார்.

“அண்ணே, புத்தகம் தலைகீழா இருக்கு.”

அவர் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து, பிறகு மடித்து வைத்தார். “போன் வந்துச்சா வரலையா?”

“வரல.”

“அப்புறமென்ன? போன் பண்றதே முக்காவாசி நான்தான். மிச்சப் பேரையும் ‘ரெண்டு நிமிஷம் நில்லுங்க, வந்துரும்’னு நிறுத்தி வெச்சேன். செருகியைப் புடுங்குவேன், பத்து எண்ணுவேன், மறுபடி செருகுவேன். எட்டாம் நடைமேடை எங்கன்னு எனக்குத் தெரியாதா என்ன? வாயாலயே சொல்லிடுவேன்.”

“வியாழக்கிழமை உங்க கடை லீவாச்சே?”

“மூடின கடைக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். புத்தி பிசகிருச்சான்னு உங்க அண்ணி போன் பண்ணிக் கேட்டா.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். “ஆனா கடிகாரம் நின்னா என் நிரல் எழுப்பிடுமே. உங்களுக்கு என்ன வேலை வந்துச்சு?”

“கடிகாரம் எங்க நின்னுச்சு? அது பாட்டுக்கு ஓடுது. தொட்டாத்தான் ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. கண்ணு முழிச்சிருக்கான்னு பாத்தே தங்கச்சி. காது கேக்குதான்னு பாக்கல.”

மூன்று வருடம் அந்தத் திரையோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது உறைக்கவில்லை. எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது. கடிகாரம் தனியாக ஓடுகிறது, தொடுகை தனியாகச் சாகிறது. அவள் கடிகாரத்துக்குக் காவல் போட்டிருந்தாள். ஆனால் நிலையத்துக்கு வருகிற யாரும் அந்தக் கடிகாரத்தைப் பார்க்க வரவில்லை.

“சரிண்ணே, நான் போயிட்டு வர்ற பன்னிரண்டு நாளும்...”

“மத்த நாளெல்லாம் இருப்பேன். வர்ற வியாழக்கிழமைதான் முடியாது. உங்க அண்ணிக்குப் பல் புடுங்கணும், துணைக்குப் போகணும். போகலன்னா என் பல்லு போயிடும்.”

அவள் நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். வரும் வியாழக்கிழமை புகார்ப்பெட்டி இருக்க மாட்டார் என்பதையும் ஒளிக்கவில்லை. புகார்ப்பெட்டி மாட்டிக்கொள்வாரோ என்று மட்டும் பயந்தாள்; அதனால் அவர் செய்ததைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் என்ன சொன்னேன்? புகார் போன் வரக்கூடாதுன்னேன். வந்துச்சா?”

“வரல சார். ஆனா—”

“செருகியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.” கையெழுத்தைப் போட்டார். தாளை நீட்டியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். “ஆனா வியாழக்கிழமை போன் வந்துச்சுன்னா நான் உன்னைக் கூப்பிடுவேன்மா. கூப்பிட்டா நீ கிளம்பி வரணும். வேற வழியில்ல எனக்கு.”

பத்து மணி நேரம் போய், நான்கு நாள் மருந்து விட்டு, ஒரு கண் கட்டியிருப்பவளைப் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு வர வேண்டும். அதைவிடப் போகாமலே இருக்கலாம். மணி ஒன்பதே கால். வண்டி இரண்டேகாலுக்கு.

பின்கதவைத் திறந்துவைத்து, மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்ப்பது போதாது. பயணி செய்வதை நிரலும் செய்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கொருமுறை, திரையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தானே ஒரு பொத்தானைத் தொட வேண்டும். பக்கம் மாறினால் நலம். மாறாவிட்டால் எழுப்பு.

எந்தப் பொத்தானை? அவசரத்தில் முதலில் கைக்கு வந்த ‘கலங்கரை விளக்கம்’ என்ற இடத்தைக் கொடுத்தாள். சோதனைக்காக நேரத்தைப் பத்து வினாடியாகக் குறைத்துவிட்டு, தேநீர் வாங்கி வருவதற்குள் இயந்திரத்தின் வாயிலிருந்து கலங்கரை விளக்கச் சீட்டுகள் மாலை மாலையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

“யாரு தங்கச்சி இத்தனை பேரு, கும்பலா கப்பல் பாக்கப் போறாங்க?” என்றார் புகார்ப்பெட்டி, சீட்டுகளைப் பொறுக்கியபடி.

சீட்டு அச்சடிக்காத பொத்தான் வேண்டும். யாரும் தொடாத பொத்தானாகவும் இருக்க வேண்டும். திரையைத் துழாவினாள். அடியில், இடது மூலையில் ‘உதவி’ என்று ஒன்று இருந்தது. மூன்று வருடக் கணக்கைப் பார்த்தாள். ஒரே ஒருவர் அதைத் தொட்டிருந்தார், அதுவும் முதல் நாளில். அநேகமாக அவளேதான்.

பதினொன்றரைக்கு நிரல் தயார். இனி ஒன்றுதான் பாக்கி. இயந்திரம் உண்மையிலேயே நின்றுபோக வேண்டும், நிற்கும்போது நிரல் அதைப் பிடிக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்காமல் வண்டி ஏறினால் பன்னிரண்டு நாளும் மருந்தைக் கண்ணில் விடுவாளோ மூக்கில் விடுவாளோ.

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். புகார்ப்பெட்டி கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். இயந்திரம் அன்று போல என்றும் ஓடியதில்லை. பயணிகள் தொட்டார்கள், சீட்டு வந்தது, போனார்கள். பல்கலைக்கழகம், பொது மருத்துவமனை, வடக்குத் துறைமுகம். ஒரு பெரியவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டார், அவருக்கும் வந்தது.

“மூணு வருஷமா ஓடு ஓடுன்னு வேண்டினேன், ஓடல” என்றாள். “இன்னைக்கு ஒரே ஒரு தடவை நின்னு தொலைன்னா...”

“அதுக்குக் காது கேக்குது தங்கச்சி. வேணும்னே பண்ணுது.”

பன்னிரண்டரை. ஒன்று. கணவன் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் திரையை முறைத்துவிட்டு, “பரிட்சைக்கு வர்றவங்க மட்டும்தான் இப்படி ஒழுங்கா ஓட்டுவாங்க” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனான். ஒன்றரை. அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி: கிளம்பிட்டியா? பதில் போடவில்லை. இன்னும் நாற்பது நிமிடத்தில் இயந்திரம் நிற்காவிட்டால், போவதா வேண்டாமா என்று இந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே முடிவு செய்ய வேண்டும்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்குத் துணிப்பையும் குடையுமாக ஓர் அம்மாள் வந்தார். வடக்குத் துறைமுகத்தைத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொட்டார். பிறகு குடைப்பிடியால் தொட்டார். மூலையில் வினாடி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

புகார்ப்பெட்டியின் கை தானாகச் செருகியை நோக்கிப் போனது.

“அண்ணே! தொடாதீங்க!”

கூடமே திரும்பிப் பார்த்தது. புகார்ப்பெட்டி கையைச் சுட்டுக்கொண்டவர்போல இழுத்துக்கொண்டார். அந்த அம்மாள் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு, “நான் ஒண்ணும் பண்ணலையே” என்றார்.

“உங்களைச் சொல்லலம்மா. ஒரு ரெண்டு நிமிஷம் நில்லுங்க.”

“என் வண்டி ரெண்டு பத்துக்கும்மா.”

“பிடிச்சுடலாம். நில்லுங்க.” எந்த நடைமேடை என்று அவளுக்குத் தெரியும்: நான்கு. புகார்ப்பெட்டிக்கும் தெரியும். அவர் வாயைத் திறந்ததும், வேண்டாம் என்று கண்சாடை காட்டினாள். அவர் மீசைக்குள் சொல்லை விழுங்கினார்.

அந்த அம்மாள் விரலை எடுத்து ஒரு நிமிடம் ஆக வேண்டும், அதன் பிறகு நிரலின் முறை வர வேண்டும். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்று ஐம்பத்தாறு. திரை கறுத்தது. உள்ளே விசிறி ஒருமுறை இருமியது. கறுப்பு, நீலம், ஒரு வெள்ளைக் கோடு. பிறகு ‘வரவேற்கிறோம்’.

“தொடுங்கம்மா.”

அந்த அம்மாள் சந்தேகத்தோடு ஒரு விரலை நீட்டி வடக்குத் துறைமுகத்தைத் தொட்டார். நான்காம் நடைமேடை, இரண்டு பத்து. சீட்டு வந்தது. எடுத்துப் படித்தார்.

“இவ்வளவுதானா? இதுக்கா அந்தக் கத்துக் கத்தினே?” என்று கேட்டுவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு நான்காம் நடைமேடையைப் பார்த்து நடந்தார்.

புகார்ப்பெட்டி கடைப்பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மேலிருந்த வார இதழ்கள் சரிந்தன. ரீஸ்டார்ட் பின்கதவைப் பூட்டி, மடிக்கணினியைப் பையில் திணித்தாள். ஜிப் மூடவில்லை. மூடாவிட்டால் போகிறது.

“வியாழக்கிழமை நிம்மதியாப் பல்லைப் புடுங்கிட்டு வாங்கண்ணே.”

“எனக்கில்ல, உங்க அண்ணிக்கு. ஓடு, வண்டியை எடுத்துடப் போறான்!”

அவள் வண்டிக்கு ஒன்பதாம் நடைமேடை. கூடத்தின் அந்தக் கோடிவரை பை முதுகில் குதிக்க ஓடினாள். படியில் கால் வைத்தபோது கைபேசி அடித்தது. புகார் போனோ என்று எடுத்துப் பார்த்தாள். அக்காதான்.

“என்னடி, மெசேஜ் போட்டா பதிலில்ல. வர்றியா இல்லையா? இல்லன்னா இப்பவே சொல்லிடு, நான் பக்கத்து வீட்டம்மாகிட்ட சமாதானம் பேசணும்.”

“பேசாதே. வண்டில ஏறிட்டேன்.”

“எத்தனை நாளு?”

“பன்னிரண்டு.”

“பன்னிரண்டு நாளா! ஒத்தைக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டது போக மிச்ச நேரத்துல என்ன பண்ணப் போறே?”

“உன்கிட்டத் திட்டு வாங்கிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கப் போறேன்.”

“அதுக்கு இப்பவே ஆரம்பிக்கலாமே” என்று அக்கா ஆரம்பித்தாள். ரீஸ்டார்ட் ஜன்னலோரமாக ஓர் இருக்கை பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் கதவை மூடினார். வண்டி பின்னால் நகர்ந்து, வளைந்து, சாலையில் இறங்கியது.